ரணகள்ளி காலையில் புளிக்கும்

12.2.1988, வெள்ளி

நேற்று பிளஸ் டூ தாவரவியல் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். வறண்ட நிலத்துச் செடிகள் ராத்திரியில்தான் இலைத்துளையைத் திறக்கும் என்பதற்குச் சான்று கேட்டிருந்தேன். செட்டியார்பட்டி செல்வி, ரணகள்ளி இலை காலையில் புளிக்கும், சாயங்காலம் புளிக்காது என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அதை அடித்து, ஓரத்தில் 'கதை வேண்டாம்' என்று எழுதியிருந்தேன்.

எழுந்து நின்றாள். "டீச்சர், எங்க அய்யா கல்லடைப்புக்குத் தெனமும் திங்காவ. காலையில தின்னா பல்லு கூசுதுங்காவ."

"உங்க அய்யா நாக்குக்கெல்லாம் மார்க் போட முடியாது, உக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது.

இன்று காலை பள்ளிக்கூடம் போக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் கொல்லையில் நிற்கும் ரணகள்ளியில் ஓர் இலை பறித்து மென்றேன். பல் கூசியது. சாயங்காலம் வந்ததும் அதே செடியில் இன்னொன்று. வெறும் தழை.

நான் நடத்திய பாடம்தான். பகலில் துளையைத் திறந்தால் தண்ணீர் போய்விடும். திறக்காமல் கிடந்தால் கரியமில வாயு தீர்ந்து, உள்ளே ஆக்சிஜன் சேர்ந்து, செய்த உணவும் வீணாகும். அதனால் ராத்திரியே வாயுவை வாங்கி அமிலமாக வைத்துக்கொள்கிறது. பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அதை எடுத்துச் சமைக்கிறது. ஒன்பது வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். ஒருநாளும் வாயில் போட்டுப் பார்த்ததில்லை.

மார்க்கைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. நாற்பது பேர் சிரித்தார்களே, அதை என்ன செய்ய?

திங்கட்கிழமை விடியுமுன் நாற்பது இலை பறிக்கணும். வெயில் படாமல் பையில் மூடி எடுத்துப் போகணும். எல்லாருக்கும் முன்னாடி முதல் இலையை நான் மெல்லணும். செடி மொட்டையாகிவிடும்.

ஆகட்டும்.