செவ்வாய்க்கிழமை கேட்டுப் போன வீடு

விராலிமலை,
செப்டம்பர் 6, சனிக்கிழமை.

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை லியோவும் ஏஞ்சல் குட்டியும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உங்களுக்காகத் தனியாக ஒரு பத்து மணி சொல்கிறேன். போனில் பேசினால் பாதியில் அப்பா பிடுங்கிக்கொண்டு தன் பக்கத்து நியாயத்தைப் பேசுவார், அதனால்தான் இந்தக் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கைவிட்டுப் போய்விட்டது என்று போன மாதம் உன்னிடம் அழுதேனே, அந்த மலையடிவாரத்து வீடு போகவில்லை. நேற்று முன்தினம் பத்திரம் பதிவாகிவிட்டது. அது இப்போது நம்முடைய வீடு.

எப்படி என்று கேட்பாய். நாங்கள் ஏழு வாடகை வீடு பார்த்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். ஆவூர்ப் பூர்வீக வீட்டை உன் சித்தப்பாக்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து, நான் டீச்சராகவும் அப்பா பஸ் கண்டக்டராகவும் மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் சாமானைக் கட்டிக் கட்டி அவிழ்த்தோம். இப்போது இருக்கிற வீட்டையும் மகன் கல்யாணத்துக்கு வேண்டும், தீபாவளிக்குள் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வயதில் எட்டாவது வாடகை வீடு ஏற என்னால் முடியாது என்று அப்பாவிடம் சொன்னேன். அப்போதுதான் சந்தனம் அய்யா தேரோடும் வீதியில் இருக்கிற தன் வீட்டை விலைக்குக் கொடுப்பதாகச் சொன்னார். அவரும் அவர் மனைவி பரிமளாவும் மணமேல்குடியில் மகளோடு போய் இருக்கப் போகிறார்களாம். முன்பக்கம் ஓடு, பின்பக்கம் தளம், கொல்லையில் வற்றாத கிணறு, அடுப்படி ஜன்னலைத் திறந்தால் மலைப்படியில் ஆள் ஏறுவது தெரியும். பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது.

விலை பேசி முடிந்ததும் முன்பணம் கொடுக்க நல்ல நாள் வேண்டுமே என்று நானும் அப்பாவும் உட்கார்ந்து யோசித்தோம். செவ்வாய்க்கிழமை புனித அந்தோனியாருக்கு உகந்த நாள், அதைவிட நல்ல நாள் ஏது என்று சொன்னது நான்தான், மறைக்க மாட்டேன். அப்பா காலையில் பூசை பார்த்து, சாயந்திரம் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போய், முன்பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், வக்கீலிடம் காட்ட மூலப் பத்திரத்தைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். சந்தனம் அய்யா பணத்தைத் தொடவே இல்லையாம். இப்ப வேணாங்க, பொறகு பாப்போம் என்று மட்டும் சொன்னாராம், பரிமளா உள்ளேயிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். அப்பா முகம் தொங்கிப்போய் வந்து, நம்ம வேதக்காரவுகன்னு குடுக்க மனசில்ல போல அருளு என்றார். அவ்வளவுதான், எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அந்த வீதிப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, ஹைவேயில் லாட்ஜ் வைத்திருக்கிற ஒருவர் அந்த வீட்டை வாங்கி இடித்துக் கட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ரேஷன் கடை வரிசையில் பரிமளா எனக்கு முன்னால் நிற்கிறார். ஏங்க டீச்சர், சார் அப்புறம் இங்கிட்டு எட்டியே பாக்கலையே, வேற வீடு அமஞ்சிருச்சாங்க என்று அவராகவே கேட்டார். குடுக்க ஒங்களுக்கு மனசில்லைன்னு தெரிஞ்ச பொறகு எப்படிங்க வாரது என்று நானும் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். ஆடி மாசம், செவ்வாக்கெழம, அதுலயும் வெளக்கு வச்ச நேரம், வீட்டுப் பத்திரத்த எடுத்துக் குடுங்கன்னா எந்தப் பொம்பளைங்க எடுத்துக் குடுப்பா, ஆவணி பொறக்கட்டும்னு நாங்க ஒங்களுக்காகக் காத்துக் கெடக்கோம், லாட்ஜ்காரரு நாலு தடவ வந்துட்டாரு, இடிக்கிறவுகளுக்குக் குடுக்க மாட்டேன்னு இவுக ஒத்தக் கால்ல நிக்கிறாக என்றார். அடி ஜெனிஷா, நான் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. முப்பது வருடம் இந்த ஊர்களில் டிக்கெட் கிழித்த மனிதருக்கும், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்ன எனக்கும் இது தோன்றவில்லை பார். அப்பாவிடம் சொன்னால், அந்தோனியார் மேல தப்பில்ல, நேரத்தத்தான் நாம பாக்கல என்றார்.

ஆவணி பிறந்ததும் வியாழக்கிழமை காலையில் போனோம், பரிமளாவே பத்திரத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். பதிவு முடிந்த கையோடு சாவி வாங்கப் போனபோது அடுப்படியில் ஒரு படி உப்பும், மஞ்சளும், நிறைகுடம் தண்ணீரும் இருந்தன. வெறும் வீடா ஒப்படைக்கக் கூடாதுங்க என்றார். தக்காளி நாத்து வச்சா வலை கட்டுங்க, மயிலு ஒண்ணையும் விடாது என்றும் சொல்லிப் போனார். வருகிற பதினொன்றாம் தேதி பால் காய்ச்சுகிறோம், நாள் பார்த்துச் சொன்னது அவர்தான், மணமேல்குடியிலிருந்து வந்து அடுப்புப் பற்றவைப்பதும் அவர்தான். சாமியாரை அழைத்து வீடு மந்திரிப்பது நீங்கள் வந்த பிறகு.

நைட் டியூட்டி முடிந்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே. ஏஞ்சலிடம் வீட்டுக்குள் தமிழிலேயே பேசு.

இன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். இருதய ஆண்டவர் படத்தை மாட்டலாம் என்று புது வீட்டுச் சுவரில் ஆணியை வைத்து ஒரு அடிதான் அடித்தேன். கொல்லையிலிருந்து அப்பா, ஏ அருளு, வீட்டுக்காரவுகள ஒரு வார்த்தை கேட்டியா என்று சத்தம் போட்டார். நானும் பயந்துபோய்ச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு அப்பா உள்ளே வந்து சுத்தியலை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். எனக்குக் கண் மறைத்துவிட்டது, ஆணி கோணலாகத்தான் இறங்கியிருக்கிறது, இருக்கட்டும்.

ஆண்டவரும் மாதாவும் உங்கள் மூவரையும் கண்ணின் மணி போல் காக்கட்டும். கிறிஸ்மஸ் டிக்கெட்டை இந்த வாரமே போட்டுவிடு.

முத்தங்களுடன்,
உன் அம்மா,
அருளம்மாள் மைக்கேல்சாமி,
வீட்டுச் சொந்தக்காரி.