ஜெமியைத் தூங்க வைக்க

அத்தான்,

அம்மாவுக்கு நாளைக்குக் காலையில கண் ஆபரேஷன். நாலரை பஸ்ஸுக்கு நாசரேத் கிளம்புதேன். ஜெமி பக்கத்து வீட்டுச் சீனித்தாய் அக்காகிட்ட இருக்கா. ஹார்பர்ல இருந்து வந்ததும் கூட்டிக்கோங்க.

தோசை மாவு ஃபிரிட்ஜுல இருக்கு. எட்டரைக்கு ஜெபம் சொல்ல வைங்க, இல்லேன்னா படுக்க மாட்டா. பிறகு ரெண்டு தேங்காய்ச் சிரட்டையை எரிச்சு, தணலைச் சாம்பிராணிச் சட்டியில போட்டு, சாம்பிராணி தூவிக் கட்டில்கிட்ட வச்சிருங்க. ஜன்னலைத் திறந்துராதீங்க. ஹார்பர் கரித்தூசி உள்ள வந்தா விடிய விடிய இருமுவா.

"அடைச்ச ரூமுக்குள்ள தணல் வைக்காத ஷீஜா"ன்னு நேத்தும் சத்தம் போட்டீங்க. நாலு நாளா பிள்ளை ஒரு இருமல் இல்லாம அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதா, பாத்தீங்கல்லா? இந்த ஒரு ராத்திரி எனக்காகச் செய்யுங்க.

பூனை இப்பம்லாம் அவ காலடியில படுக்க மாட்டேங்கு, வெளிய போகணும்னு கதவைப் பிறாண்டுது. அதை வெளிய விட்டுட்டு, புகை போகாம கதவுக்கடியில பழைய துண்டைத் திணிச்சிருங்க.

கோவத்தோட போக மனசு வரல.

ஷீஜா

மறந்துட்டேன். அவ ரூம்ல இருந்த லவ் பேர்ட்ஸ் ரெண்டும் காலையில கூண்டுக்குள்ள செத்துக் கிடந்துச்சு. என்ன நோவோ தெரியல. பிள்ளைகிட்ட பறந்து போயிட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

இன்னொண்ணு. தனியா படுக்கப் பயப்படுவா, இன்னைக்கு நீங்களும் அவகூடவே படுத்துக்கோங்க. காலையில தலை வலிக்குதும்பா, லேசுல எந்திரிக்க மாட்டா. உங்களுக்கும் நாளைக்கு லீவுதானே. போன் போட்டு எழுப்ப மாட்டேன், ரெண்டு பேரும் நல்லாத் தூங்குங்க.