தோட்டாப் பைக்குப் போட்ட தையல்

பெண் காவலர் விடுதி,
சென்னை.
12-3-1978

மதிப்பிற்குரிய பாவா அவர்களுக்கு, தம்பி மனைவி காஞ்சனா வணங்கி எழுதிக்கொண்டது.

நான் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கும் ரத்தினம்மாள் அக்காவின் முட்டிவலிக்கும் பதில் எழுதவும். அக்கா கொடுத்தனுப்பிய எள்ளுப்பொடி ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது. அறையில் இருக்கும் மற்றப் பெண்கள் தின்றுவிட்டார்கள் என்று எழுதலாம்தான். தின்றது நான்.

இன்று எங்களுக்கு முதல்முறையாகத் துப்பாக்கி சுடக் கொடுத்தார்கள். பெண்களுக்கு இது எதற்கு என்று மேலே பெரிய வாக்குவாதமாம். லத்தியும் விசிலும் போதும், துப்பாக்கியைக் கொடுத்தால் இதுகள் கொண்டுபோய்த் துணி உலர்த்தக் கொடி கட்டும் என்று ஓர் அதிகாரி எங்கள் காதுபடவே சொன்னார். நான் சுட்டு முடித்ததும் அவரே நடந்துபோய் அட்டையைப் பார்த்தார். திரும்பி வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். நான் சுட்டது அட்டையை இல்லை பாவா. அதில் சிங்காரத்தின் முகம் இருந்தது.

நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மறந்தாலும் நான் விடமாட்டேன். ஆந்திராவிலிருந்து லாரி டியூப்களில் சாராயம் கடத்திவந்த சிங்காரம், எல்லைச் சாவடியில் காவல் நின்ற உங்கள் தம்பி நாகேந்திரனை விடியற்காலையில் வெட்டிப் போட்டு இரண்டு வருஷமாகிறது. அவர் கையில் துப்பாக்கி இருந்தது. இடுப்பில் தோட்டாப் பையும் இருந்தது. பையின் வாய்தான் தைத்திருந்தது. சாவடிக்குத் தலைவரான நீங்கள்தான், "ஒரு தோட்டா கீழ வுழுந்தாலும் வேலை பூடும்மா, நல்லா இறுக்கித் தெச்சுக் குடு" என்று அந்தக் கித்தான் பையை என் மடியில் போட்டீர்கள். எங்கள் அப்பா வீட்டுத் தறியில் மிஞ்சிய அரக்கு நூலை ஆறு புரியாக முறுக்கி, மெழுகு தடவித் தைத்துக் கொடுத்தேன். என் தையல் பிரியவே பிரியாது என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

பை தைத்திருந்ததை நீங்கள் விசாரணையில் எடுத்துச் சொல்லியும் மேலதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றீர்கள். 'தோட்டா கைவசம் இருந்தும் பயத்தால் சுடாமல் கடமை தவறினார்' என்று எழுதி முடித்துவிட்டார்கள். கோழையின் பெண்டாட்டி என்று இரக்கப்பட்டு எனக்கு வேலையும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சோற்றைத்தான் தின்கிறேன். தினமும் எரிகிறது.

சிங்காரத்தின் வழக்கு என்ன ஆயிற்று? உடனே எழுதுங்கள்.

தங்கள்
காஞ்சனா


திருத்தணி
27-3-1978

அன்புள்ள காஞ்சனாவுக்கு ஆசிகள்.

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். எள்ளுப்பொடி விஷயத்தில் சிரித்தாள். மற்றதில் அழுதாள். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மலைப்படி ஏற முடியாமல் கீழேயே நின்று முருகனைக் கும்பிட்டுவிட்டு வருகிறாள். பெண் சந்திராவுக்கு அரக்கோணத்தில் ஒரு வரன் வந்திருக்கிறது. ரயில்வேயில் வேலை.

வழக்கை எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. சிங்காரத்தை விடுதலை செய்துவிட்டார்கள். நேரில் பார்த்த சாட்சி இல்லை. லாரிச் சத்தம் கேட்டு நான் ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது என்று உனக்கே தெரியும். அவன் இப்போது கே.ஜி.கண்டிகை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு நாகேந்திரனைப் பற்றி என்னவோ உளறுகிறானாம். அதையெல்லாம் நீ காதில் வாங்காதே. அந்தப் பக்கமே போகாதே.

நன்றாகச் சுட்டாய் என்பது சந்தோஷம்தான். ஆனால் தலைக்கு ஏற்றிக்கொள்ளாதே அம்மா. இருபத்தாறு வருஷமாகத் துப்பாக்கி தூக்குகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை அட்டையைச் சுட்டதோடு சரி. துப்பாக்கி தோளில் இருக்கிறவரை ஊர் பயப்படும். இறக்கிச் சுட்டுவிட்டால் பயப்பட வேண்டியது நாம்தான். எதற்குச் சுட்டாய், யாரைக் கேட்டுச் சுட்டாய், சுட்ட தோட்டாவின் வெறும் குப்பி எங்கே என்று பிடித்து உலுக்குவார்கள். ஒருதடவை மணவூர் ஸ்டேஷன் பந்தோபஸ்தில் எங்களில் ஒருவன் ஒரு தோட்டாவைத் தண்டவாளத்தில் தவறவிட்டான். ஜல்லியை ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடினோம். கிடைக்கவில்லை. கடைசிவரை அவனுக்குப் பிரமோஷனும் கிடைக்கவில்லை. போலீஸ்காரன் செத்தால் மாலை போடுவார்கள், தோட்டா தொலைந்தால் தோலை உரிப்பார்கள். அதனால்தான் தைக்கச் சொன்னேன். நல்லதற்கென்று செய்தது அப்படி ஆகிவிட்டது.

சிங்காரத்தை முருகன் பார்த்துக்கொள்வான். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள
கோதண்டபாணி


சென்னை
30-5-1978

பாவாவுக்கு,

விடுதலைச் செய்தியைப் படித்த அன்று சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு மடங்கு சாப்பிட்டேன். உடம்பு வேண்டுமே. முருகனுக்கு இருக்கிற வேலையில் சிங்காரத்தை எப்போது பார்ப்பான் என்று சொல்வதற்கில்லை.

எங்களுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கிறவர் காதர் என்ற ஹவில்தார். நம் மாவட்ட ஆயுதப்படையிலிருந்து வந்தவர். உங்களையும் தெரியுமாம். உங்கள் கொள்கையை அவரிடம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. "துப்பாக்கிய நம்பிக் குடுத்தா சுடவும் தெரியணும், சுடாம இருக்கவும் தெரியணும்மா. பைக்குத் தையல் போட்டுட்டு காவலுக்கு அனுப்பறது கொலை" என்றார். அப்படித் தைக்கச் சொல்லி எங்கேயும் ஓர் உத்தரவு கிடையாதாம். சோதனைக்குப் போகும் இடங்களில் தைத்த பையைக் கண்டால் கத்தியாலேயே கிழித்துப் போடுவாராம்.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. "உன் வூட்டுக்காரர் பை தெச்சிருந்ததா? விசாரணையில வெச்ச பை தெறந்துதானேம்மா இருந்தது?"

வழக்கு முடிந்து அந்தப் பை அவருடைய ஆயுதப்படைக் கிடங்குக்கே வந்து சேர்ந்திருக்கிறது. சென்ற வாரம் ஊருக்குப் போனவர் எடுத்துவந்து காட்டினார். என் தையல் பாவா. வாய்முழுக்க ஊசித் துளைகள், துளைகளில் அரக்கு நூலின் மிச்சம். நூலோடு பிறந்து வளர்ந்தவள் நான். இடது மூலையில் மட்டும் நூல் பிசிறு பிசிறாகக் கிடக்கிறது. அது பல்லால் கடித்தது. கித்தானிலும் பல் பட்ட தடம் இருக்கிறது. மற்ற நூலெல்லாம் ஒரே சீராக, வழவழவென்று அறுந்திருக்கிறது. அது பிளேடு.

உயிருக்குப் போராடியவர் பிளேடு வைத்திருந்தால் எதற்குக் கடிக்க வேண்டும்? பிளேடு அப்புறம் வந்தது. அவர் அடங்கிய பிறகு வந்தது. முதலில் ஓடிப் போனவர் நீங்கள். தைத்திருந்ததை விசாரணையில் சொன்னேன் என்று என் தலையில் கைவைத்துச் சொன்னவரும் நீங்கள். பை திறந்து கிடந்ததால்தானே அவரைக் கோழை என்று எழுதினார்கள்?

எனக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம். அறுத்தது யார்?

காஞ்சனா


திருத்தணி
14-6-1978

அம்மா காஞ்சனா,

படித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு ஆமாம் என்றும் எழுதமாட்டேன், இல்லை என்றும் எழுதமாட்டேன். ஒன்றை மட்டும் யோசித்துப் பார். அன்று சாவடியில் இருந்த எல்லோருடைய பையும் தைத்துத்தான் இருந்தது. ஒரு பை தெரிந்திருந்தால் எல்லா வீட்டிலும் அடுப்பு அணைந்திருக்கும். போனவன் போய்விட்டான். இருக்கிறவர்களைப் பார்க்க வேண்டாமா? உனக்கு வேலை வாங்கித் தர எத்தனை அதிகாரி வாசலில் நின்றேன் என்று உனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு. சந்திராவுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. சித்தி வந்துதான் மனையில் உட்காரவைக்க வேண்டும் என்கிறாள் குழந்தை.

உன் மனசு எதைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் எல்லையில் ஒரு ரெய்டு இருக்கிறது. சிங்காரம் எந்தப் பாதையில் வருவான் என்று ஆள் சொல்லிவிட்டான். நானே துப்பாக்கியோடு போகிறேன். இந்தத் தடவை பை திறந்துதான் இருக்கும். நிற்கச் சொன்னேன், வெட்ட வந்தான், சுட்டேன் என்று எழுதிக்கொள்ளலாம். என் தம்பி ரத்தத்துக்கு நானே கணக்குத் தீர்க்கிறேன். சிங்காரம் செத்தான் என்ற சேதி உன் காதில் விழும். நீ அந்தப் பையை மறந்துவிடு. காதரிடம் சொல்லி அதைக் கழிவில் போடச் சொல்.

சரி என்று ஒரு வார்த்தை எழுது. போதும்.

கோதண்டபாணி


சென்னை
18-7-1978

தலைமைக் காவலர் கோதண்டபாணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. எங்கள் விடுதியில் சமையல்காரி இருக்கிறாள், அடுப்பு என் கையில் இல்லை.

முதலில் சிரித்தேன். இருபத்தாறு வருஷம் தோளில் சும்மா கிடந்த துப்பாக்கி, தம்பி வெட்டுப்பட்ட அன்று இறங்கவில்லை. சொந்த வேலைக்கு ஆபத்து என்றதும் இறங்கிவிட்டது. அந்தப் பையைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் அப்படி எழுதியிருந்தால் உங்கள் கால் தூசியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். சிங்காரம் சாக வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் விழித்தேன்.

அதனால் உங்களுக்குப் பதில் எழுதும் முன் அவனைப் பார்த்துவிடலாம் என்று போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ரயிலேறித் திருத்தணிக்கு வந்தேன். வீட்டுக்கு வராமல் கே.ஜி.கண்டிகைக்கு பஸ் பிடித்துப் போய்விட்டேன். அக்கா மன்னிக்கட்டும். சாதாரணச் சேலைதான் கட்டியிருந்தேன். கைப்பையில் அப்பாவின் தறிக் கத்தரிக்கோல் இருந்தது. டீக்கடை பெஞ்சில் அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

"நாகேந்திரன் சம்சாரம் நானு" என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"கேஸ் முடிஞ்சி பூட்ச்சிமா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"கேஸப் பத்தி யாரு கேட்டா? அவரு ஓடுனாரா? அத மட்டும் சொல்லு."

என் முகத்தைப் பார்த்தான், கைப்பையைப் பார்த்தான். பிறகு குரலை இறக்கினான். "நான் பாத்தேன்னு சொல்லல. பாத்தவன் சொன்னான். ஓடியிருந்தா உட்டுட்டுப் போயிருப்பாங்கம்மா. அந்தாளு ஓடவே இல்ல. துப்பாக்கிய அக்குள்ல இடுக்கிகினு, குறுக்கால நின்னுகினு, பையக் கடிச்சிகினே இருந்தாரு. என்னாடா இது, போலீஸ்காரன் பையத் துன்றானேன்னு லாரில இருந்தவனுங்களுக்கு சிரிப்பு வந்துச்சாம்."

அவன் கழுத்து எட்டும் தூரத்தில்தான் இருந்தது. என் கை கைப்பைக்குள் போய்விட்டது. அப்போதுதான் உங்கள் கடிதத்தின் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது. இவனும் போய்விட்டால், நாகேந்திரன் ஓடாமல் நின்றார் என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு வாயும் இருக்காது. எனக்காகவா பாவா அவனைச் சுடப் போகிறீர்கள்? கத்தரிக்கோலை விட்டுவிட்டு, அவனுடைய டீக்கும் சேர்த்து நானே காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

வெட்டியவன் எதிரி. அவன் மேல் எனக்கிருக்கும் கோபம் அப்படியே இருக்கிறது. அவனை ஒருநாள் சாராயத்தோடு பிடித்து நானே விலங்கு பூட்டுவேன். ஆனால் நீங்கள் எங்கள் கல்யாணத்தில் தாலியை எடுத்து அவர் கையில் கொடுத்தவர். வாயில் நூலோடு கிடந்த தம்பியின் இடுப்பிலிருந்து பையை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாகப் பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்திருக்கிறீர்கள். அவசரத்தில் அறுத்த நூல் அப்படிச் சீராக இருக்காது. அந்த நிதானத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மனு எழுதி மேலிடத்துக்கு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. தைத்தவள் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பையையும் சேர்த்து ஒப்படைத்தாயிற்று. காதர் ஹவில்தார் சாட்சி. உங்கள் ரெய்டு யோசனையும் நீங்கள் எழுதிய அதே தாளில் மேலே போயிருக்கிறது. இனி சிங்காரம் தடுக்கி விழுந்து செத்தாலும் உங்களைத்தான் கேட்பார்கள். மறுவிசாரணைக்கு உத்தரவாகி, நேற்று எனக்கு ஓலை வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த மறுவாரம், அதே எல்லைச் சாவடியில் அதிகாரி வந்து உட்காருவார். நான் ஒன்றுதான் கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். அவர் கண்ணெதிரே, அதே அரக்கு நூலில், அதே ஆறு புரியில், ஒரு புதுப் பையை நான் தைத்துக் கொடுப்பேன். நீங்கள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு உங்கள் தம்பி நின்ற இடத்தில் நிற்க வேண்டும். காதர் எதிரிலிருந்து ஓடி வருவார், கையில் வெறும் லத்தியோடு. அவர் வந்து சேர்வதற்குள் நீங்கள் ஒரே ஒரு தோட்டாவை வெளியே எடுத்துவிட்டால், நாகேந்திரன் கோழைதான் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகிறேன். எடுக்க முடியாவிட்டால் அவர் பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சந்திரா கல்யாணத்துக்கு வருவேன். குழந்தை என்ன செய்தாள்? மனையில் உட்காரவைக்க நான் இருக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

அன்று உங்கள் சட்டைப் பையைச் சோதித்துவிட்டுத்தான் நிற்க வைப்பார்கள். பிளேடு இருக்காது. அதுவரை நகம் வெட்டாதீர்கள் பாவா.

நாகேந்திரன் மனைவி
காஞ்சனா