சந்தியா வரும்வரை எடுக்கக் கூடாது

எத்தனை முறை கூப்பிட்டாலும் சலிக்காமல் “இன்னாடி” என்று கேட்ட என் மாமாவுக்கு,

வரும் வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேஷன். நெஞ்சுக்குள் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லையாம், மாற்ற வேண்டுமாம். ஒரகடத்துக் கம்பெனி கேன்டீனில் சாம்பார் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே சரிந்துவிட்டேன். நல்லவேளை, அண்டாவுக்குள் விழவில்லை. விழுந்திருந்தால் அன்றைக்கு முதல் ஷிப்ட் முழுக்கப் பட்டினி. சிரிக்காதீர்கள் மாமா, எனக்குப் பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்கிறார். ஒன்றுமில்லாததற்கு எதற்கு இத்தனை தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள்? அதைக் கேட்டால் சிரிக்கிறார். உங்களைப் போலவே அவருக்கும் பதில் தெரியாதபோது சிரிப்பு வருகிறது.

சாவதற்குக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. செத்த பிறகு வீட்டில் நடக்கப்போவதை நினைத்தால்தான் பயம். உங்களை எடுத்த அன்று நடந்ததே எனக்கும் நடந்துவிட்டால் சந்தியா என்ன ஆவாள்? அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நீங்கள்பாட்டுக்கு நடுவீட்டில் படுத்துக்கொண்டீர்கள்.

காலையில் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தீர்கள், சாய்ந்தீர்கள், அவ்வளவுதான். நம் பெண் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் போன் கம்பெனியில் லைனில் நின்றுகொண்டிருந்தாள். போன் தயாரிக்கிற கம்பெனிக்குள் தன் போனைக் கொண்டுபோக முடியாது, பாருங்கள் கூத்தை. கேட்டில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நான் எழுந்து நிற்பதும் மயங்கி விழுவதுமாக இருந்தேன். எல்லாவற்றையும் உங்கள் தம்பி ஏழுமலைதான் ஓடி ஓடிப் பார்த்தார். பந்தல், ஐஸ் பெட்டி, மேளம், பட்டாசு என்று எதிலும் குறை வைக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். “பொண்ணு வரட்டும்” என்றேன். மேளச் சத்தத்தில் அதை யார் கேட்டார்கள்? ஏழுமலையின் மகன் பிரசாந்த் கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வழக்கப்படி பெண்கள் எல்லாரும் தெருமுனையோடு நின்றுவிட்டோம்.

நாங்கள் தலைமுழுகி, வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது சந்தியா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கழுத்தில் ஐடி கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. “அப்பா எங்க?” என்று கேட்டாள். வாசலில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஷூவைக்கூடக் கழற்றாமல் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.

அதற்கு அப்புறம் சொந்தபந்தம் பேசிய பேச்சு இருக்கிறதே, அப்பன் செத்ததற்குக்கூட லீவு போடாத பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் சண்டைக்குக் கிளம்பினால், “நீ சும்மா இரும்மா, யாருக்கும் எதையும் வெளக்கிச் சொல்ல வேணாம்” என்று கையைப் பிடித்து இழுப்பாள். அடுத்த தெருவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அன்றிலிருந்து அவள் கால் எடுத்து வைக்கவில்லை. அந்த நாளைப் பற்றி என்னிடமும் பேசியதில்லை. அப்பா என்ற வார்த்தையையே சுற்றிக்கொண்டு போகிறாள்.

மயங்கி விழுந்த பிறகு எனக்கு வேறு யோசனையே இல்லை. எழுதி வைத்துவிட வேண்டும். இந்த வீட்டை என் பெயரில் வாங்கினீர்கள், அது சந்தியாவுக்கு. உங்களுக்குக் கொள்ளி வைத்ததால் பிரசாந்துக்கும் இதில் பாத்தியதை உண்டு என்று கல்யாண வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பையன் கேட்கவில்லை, பாவம், அப்பனோடு மாறி மாறித் தண்ணி லாரி ஓட்டவே அவனுக்கு நேரம் சரியாக இருக்கிறது. பேசுகிறவர்கள் நாளைக்கு அவனையும் கிளப்பிவிட மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? அதோடு, என் சாவை எப்படி நடத்த வேண்டும் என்பதையும் எழுதிவிட நினைத்தேன்.

முதலில் ஏழுமலையைத்தான் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டேன். மனுஷனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“இன்னா அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துல சாவு பேச்சு பேசிகினு? நாங்கல்லாம் எதுக்குக் கீறோம்? உயிலு எழுதறீங்கன்னா எங்க மேல நம்பிக்கை இல்லன்னுதானே அர்த்தம்?”

“நம்பிக்கை இருக்கறதாலதான் உங்களைக் கூப்பிடறேன்.”

“என்னால ஆவாது. அந்தக் கையெழுத்தப் போட்டுட்டு நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் சாப்புட முடியுமா, தூங்க முடியுமா?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கோபமாகப் போனார் என்றுதான் முதலில் நினைத்தேன். தெருவில் போய் மூக்கைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

சந்தியா அதற்கு மேல். சோறு போட்டுக்கொண்டே மெல்ல ஆரம்பித்தேன். “உயில் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றதும் தட்டைத் தள்ளினாள். “எனக்கு நைட் ஷிப்ட் கீது. நான் தூங்கணும்” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். யாருக்காக இத்தனை பாடுபடுகிறேனோ அவளே காதைப் பொத்திக்கொண்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கடைசியில் என்னோடு கேன்டீனில் காய் நறுக்கும் ஜெபமணி அக்காதான் கை கொடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். “ஏட்டி, இதுக்கா அழுத? நான் போடுதேன் கையெழுத்து. எங்க ஊர்ல கல்லறைக்கு முன்கூட்டியே எடம் பாத்து வச்சிருக்காவ. அதுக்காவ செத்தா போயிட்டாவ?” என்றார். இன்னொரு சாட்சிக்கு, உங்களோடு கம்பெனி பஸ் ஓட்டிய காதர் பாய் வந்தார். உங்கள் பேரைச் சொன்னதும் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. வருகிறேன் என்றார்.

பத்திர ஆபீசுக்கு எதிரில் உட்கார்ந்து எழுதித் தருகிறவரிடம் போனோம். பொறுமையானவர். வீட்டு விவரம் எல்லாம் எழுதி முடித்தார். அப்புறம் நான் சொன்னேன், “நான் செத்தா, என் பொண்ணு வர வரைக்கும் என்னை எடுக்கக் கூடாது. பொழுது சாஞ்சாலும் பரவால்ல, மறுநாள் எடுக்கட்டும். அவதான் கொள்ளி வெக்கணும். இதையும் எழுதுங்க.”

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “எழுதறதுக்கு இன்னாம்மா, எழுதிடலாம். ஆனா உயில எப்பம்மா வெளிய எடுப்பாங்க? காரியம்லாம் முடிஞ்சு, சொந்தக்காரங்க ஊருக்குப் போனதுக்கு அப்புறம். சாவு வூட்ல எவன் பீரோவத் தொறந்து உயிலு படிப்பான்? அதுக்குள்ள உங்கள எடுத்துட்டிருப்பாங்க.”

எவ்வளவு பெரிய முட்டாள் நான். எழுதிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு, ஆட்களைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

“அப்ப என்னதான் பண்றது?” என்று கேட்டேன்.

“வாயால சொல்லணும். அன்னிக்கு யாரு முன்னால நின்னு நடத்துவாங்களோ அவங்ககிட்ட இப்பவே சொல்லணும். அதான் ஒரே வழி” என்றார்.

வீட்டு விஷயம் பதிவாகிவிட்டது. கைரேகை, போட்டோ எல்லாம் ஆயிற்று. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜெபமணி அக்கா எதையோ பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அன்றைக்கு முன்னால் நிற்கப்போவது யார்? சாட்சிக் கையெழுத்தே போடாத ஏழுமலைதான். வேறு யார் இருக்கிறார்கள்? கேன்டீனில் காய் நறுக்கும் அக்கா சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்களா? பாய் சொன்னால்தான் கேட்பார்களா? நம் சேரப்பணஞ்சேரியில் இறங்க வேண்டியவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்து ஏழுமலையைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு சந்தியா உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டாவது முறை சோறு வாங்கும்வரை பொறுத்திருந்தேன். வயிறு நிறைந்தால்தான் உங்கள் வம்சத்துக்குக் காது கேட்கும் என்று எனக்குத் தெரியாதா?

“நான் செத்தா பட்டாசு வெடிக்கக் கூடாது” என்று ஆரம்பித்தேன். சின்னதிலிருந்து தொடங்கலாம் என்று.

“திரும்பியும் ஆரம்பிச்சுட்டீங்களா அண்ணி? சரி, வேணான்னா வுட்டுடலாம்.”

“சந்தியா வர வரைக்கும் என்னை எடுக்கக் கூடாது.”

அவர் கை நின்றுவிட்டது. “அண்ணி, கம்பெனிக்காரன் எப்ப வுடுவான்னு யாருக்குத் தெரியும்? அன்னிக்கு அவ வந்தாளா? நான் வேணும்னா பண்ணேன்? போன் மேல போன் அடிச்சேன். ரிங்கு போய்கினே இருந்துச்சு, எடுக்கவே இல்ல. கம்பெனில லீவு வுடலன்னுதான் நெனச்சேன். கேட்டவங்ககிட்டயும் அதான் சொன்னேன்.”

லீவு போடாத பொண்ணு என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது மாமா. எத்தனை கம்பெனி கேட்டுக்குத் தண்ணி லாரியை விட்டிருப்பார் அந்த மனுஷன். கேட்டைத் தாண்டி உள்ளே லைனில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே வரவில்லை.

உள் அறைக் கதவு திறந்தது. தூக்கம் கலைந்த முகத்தோடு சந்தியா நின்றாள்.

“போன் லாக்கர்ல இருந்துச்சு சித்தப்பா. லைனுக்குப் போனா போன் கையில இருக்காது. ஷிப்ட் முடிஞ்சு எடுத்துப் பாத்தா அத்தனையும் உங்க மிஸ்டு கால். கேட்டுக்கு அடிச்சு ஒரு வார்த்தை சொல்லிருந்தீங்கன்னா, லைனுக்கே வந்து கூப்ட்டிருப்பாங்க. நான் அப்பா முகத்தப் பாத்திருப்பேன்.”

குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏழுமலை எச்சில் கையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டுக்குத் தனியா நம்பர் கீதா?” என்று கேட்டார்.

“கீது.”

“எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது.” எழுந்து போய்க் கையைக் கழுவினார். வெகு நேரம் கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்தார். “சொல்லு, ஏத்திக்கறேன்.”

அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். ஏற்றிக்கொண்டதோடு விடவில்லை, அங்கேயே போனைப் போட்டுக் காதில் வைத்தார். யாரோ எடுத்தார்கள். “அலோ, சார், நான் சந்தியாவோட சித்தப்பா ஏழுமலை பேசறேன். ஒண்ணுமில்ல சார், எல்லாரும் நல்லா கீறோம். நம்பர் போவுதான்னு பாத்தேன். ஏதாவது ஒண்ணுன்னா இதுக்கு அடிச்சா பொண்ணக் கூப்புடுவீங்க இல்ல?” என்று கேட்டு, அந்தப் பக்கம் சரி என்று சொல்லும்வரை போனை வைக்கவில்லை.

அப்புறமும் எனக்கு நிம்மதி வரவில்லை, பெரிய விஷயம் பாக்கி இருக்கிறதே. “கொள்ளி அவதான் வெக்கணும்” என்றேன்.

ஊர் என்ன பேசும் என்று ஏழுமலை ஆரம்பிப்பார் என்றுதான் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, சந்தியா பக்கம் திரும்பினார்.

“சுடுகாட்டுல பயப்பட மாட்டியே?”

“நீங்க பக்கத்துல நிப்பீங்க இல்ல, சித்தப்பா?” என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று பேரும் அழுதோம். குழம்பு ஆறிப்போய்விட்டது.

வெள்ளிக்கிழமையை நினைத்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் ஒன்று கூடிப் பேசினால் ஏழுமலை சொன்ன வார்த்தையில் நிற்பாரா? இல்லை, வால்வை மாற்றிக்கொண்டு வந்து இன்னும் இருபது வருஷம் எல்லார் உயிரையும் வாங்கப்போகிறேனா? பதில் தெரியாதபோது சிரிக்கிற வழக்கம் எனக்கு வரவில்லை.

ஒன்று மட்டும் உங்களிடம் சத்தியமாகச் சொல்கிறேன். என்றைக்கானாலும் சரி, நம் பெண் வந்து என் முகத்தைப் பார்க்காமல் நான் இந்த வாசலைத் தாண்ட மாட்டேன். உங்களிடம் வந்து சேரக் கொஞ்சம் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளுக்காக நின்றுகொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெண்டாட்டி, சந்தியாவின் அம்மா,
கஸ்தூரி