ஸ்கூட்டி ஏன் கிளம்பவில்லை

டிக்கோயா

அன்பு மகன் ஜூட்சனுக்கு,

மாதாவின் தயவில் எனக்கு இங்கே சுகத்தில் குறைவில்லை. கட்டார் வெயிலில் உன் உடம்புக்கும் ஒன்றும் வரக்கூடாது என்று தினமும் செபிக்கிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே கத்துவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் நிரஞ்சனிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரை படி.

உன் மனைவி ஜொய்சியின் ஸ்கூட்டி போன மாதம் நின்றுபோனது உனக்குத் தெரியும். பெட்டரி செத்திருக்கும், இந்தக் குளிருக்கு அப்படித்தான், புதுசு வாங்க வேண்டாம், மூலையில் போடுங்கள் என்று நீ சொன்னாய். நாங்களும் நம்பினோம். றொசல்லைப் பள்ளிக்குப் படிப்பிக்க அவள் பஸ் மாறி மாறிப் போனாள், மழை நாளில் பஸ் வராமல் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தாள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவள் எடுக்கும் வகுப்புப் பிள்ளைகள் காலையில் வந்து காத்துக்கொண்டிருந்தார்களாம். பெற்றோர் முறையிட, அதிபர் அந்த வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ஈரச் சேலையோடு வந்து அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவளே பெட்டரி மூடியைத் திறந்தாள். கறுப்பு வயரை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும் என்று எனக்கும் காட்டினாள். முனையில் லேசாகப் பூத்திருந்த வெள்ளையை ஆப்பச் சோடா கரைத்த சுடுதண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவினாள். வயரிங் வேலை செய்யும் பழனியாண்டியிடம் மீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தால் பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது, பெட்டரியில் பிழையில்லை. பெட்டரி களைத்திருந்தால் லைட் மங்கலாகவாவது எரியும், ஹோர்ன் முனகும், இதில் ஒன்றுமே இல்லை, பியூஸைத்தான் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தாள். பியூஸ் எரிந்திருக்கவில்லை மகனே. பியூஸே இல்லை.

அது தானாகக் கழன்று விழும் சாமான் இல்லை. ஸ்கூட்டி நிற்பதற்கு முதல் நாள், ஒயில் பார்க்க நீ அனுப்பியதாகச் சொல்லி வந்தவன் உன் கூட்டாளி கிஷாந்த் மட்டும்தான். கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் தெரியாது என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன்தான் கழட்டி வைக்கச் சொன்னாங்க அம்மா. அண்ணி தனியா ரோட்டுல போறது புடிக்கலையாம்" என்றான். ஜொய்சி என் பக்கத்தில்தான் நின்றாள். அவனை ஒரு சொல் திட்டவில்லை. பியூஸை மட்டும் கேட்டு வாங்கி அவளே மாட்டினாள். செல்ப்பை அழுத்தியதும் ஸ்கூட்டி கிளம்பிவிட்டது. கிளம்பாமலே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவள் அதை அணைத்துவிட்டு, "வேணாம்னு எங்கிட்ட சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன் மாமி. இப்ப சண்ட போடக்கூட ஒன்னுமில்ல" என்றாள்.

உன் அப்பாவும் என்னை டவுனுக்குத் தனியாக விட்டதில்லை. ஆனால் அதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். உனக்கு அந்தத் துணிவும் இல்லை, ஆள் வைத்துச் செய்தாய். ஜொய்சி பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறாள். நானும் அவளோடு போகிறேன். மகனை விட்டு மருமகளோடு போய்விட்டாள் என்று லயத்து வீடுகளில் பேசுவார்கள், பேசட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, பூசைக்குப் போ. மாதா உன்னைக் காக்கட்டும், நல்ல புத்தியையும் தரட்டும். அவளிடம் பேச வேண்டியதை நீயே பேசு. அவள் போனை எடுக்காவிட்டால், எடுக்கச் சொல்லும்படி என்னைக் கேட்காதே.

உன்னைப் பெற்றவள்,
இராசம்மா