காரைக் கிணற்று நீலக்கல்

பாலக்கரை, திருச்சி
5.1.2024

அன்புள்ள மச்சானுக்கு ஜெஸிமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் நம்பரை பிளாக் செய்தது நான்தான். போன் கெட்டுப்போய்விட்டதோ என்று என் தம்பியைக் கடை கடையாக அலைய விடாதீர்கள். பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். கண்காட்சி முடிகிற வரை இப்படித்தான்.

நீங்கள் தம்மாமுக்கு விமானம் ஏறிய மறுநாள் பீரோவைத் திறந்தேன். என் நீலக்கல் புதுமாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் ஒட்டியிருந்த மஞ்சள் களிமண்ணைக் காணோம். பக்கத்தில் உங்கள் பழைய டூத்பிரஷ். ஏர்போர்ட்டில் பஸ் கழுவுகிற ஆட்களை மேய்க்கிறவர், சரி. அதற்காக வீட்டுப் பீரோவில் இருக்கிற கல்லையுமா கழுவ வேண்டும்?

அது என்ன கல் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? செலஸ்டைன். சல்பேட் வகைப் படிகம். கையில் எடுத்தால் பார்வைக்குத் தெரிவதைவிடக் கனக்கும். ஐந்து வருஷத்துக்கு முன் நானும் ஸ்ரீரங்கத்து ரங்கநாயகியும் காரை கிராமத்துக்குப் போனபோது, மூக்கன் என்கிற விவசாயி கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேட்டில் அவரிடம் கேட்டு எடுத்தேன். எங்கள் கல் சேகரிப்போர் சங்கத்தில் எல்லோரும் வாங்கிய கல்தான் வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்து மண்ணில் கண்டெடுத்த நீலக்கல் என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

புத்தூர் கண்காட்சியில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சீட்டு வைப்பார்கள். கல்லின் பெயர், கிடைத்த இடம், எடுத்தவர், சுத்தம் செய்தவர் என்று நாலு வரி. எத்தனை கை மாறினாலும் அந்தச் சீட்டு கல்லோடுதான் போகும். அதை எழுதுகிறவர் சங்கத் தலைவர் அழகிரி சார். நேற்று சங்கக் கூட்டத்தில் என் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த நீலம் மடகாஸ்கர்லேர்ந்து வர்றதும்மா. ஆன்லைன்ல வாங்கிட்டு காரைன்னு சொல்றீங்களே" என்றார், எல்லோர் முன்னாலும். மூக்கன் இறந்துவிட்டார். கிணற்றுக்கு உறை இறக்கியாயிற்று, இனி உள்ளே மண் தெரியாது. ரங்கநாயகி என் சிநேகிதி என்பதால் அவள் சொல் எடுபடாதாம். அந்த மண்தான் எனக்கிருந்த ஒரே சாட்சி. அதை வாளியில் கரைத்து ஊற்றிவிட்டீர்கள்.

பொய் சொல்கிறவள் என்று பெயர் வாங்கிவிட்டேன். அழுகையாக வருகிறது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஜெஸிமா

*

தம்மாம்
19.1.2024

அன்பு ஜெஸிமாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

தப்பு என்னுடையதுதான். அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, உனக்கே தெரியும். கிளம்பும் முன் உனக்கு ஏதாவது நல்லது செய்யலாமென்று உட்கார்ந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திட்டாதே. திட்டினாலும் எனக்குக் கேட்காது, பிளாக்கில்தானே இருக்கிறேன். மண் போன பிறகும் கல்லின் அடியில் பழுப்பாக, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு முனை கூர். அழகைக் கெடுக்கிறதே என்று ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், கழன்று வந்துவிட்டது. தூக்கி எறிய மனம் வராமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இத்தனை நாளும் என் மேஜையில் டியூட்டி சீட்டு பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டேன்.

என்னோடு வேலை பார்க்கிற நம் சேக் மைதீன் வியாழக்கிழமை ஊருக்கு வருகிறான். பஞ்சில் சுற்றி, பேரீச்சம்பழ டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அதைக் கழுவவில்லை, சத்தியமாகக் கழுவவில்லை.

உன்
குத்புதீன்

*

பாலக்கரை
27.1.2024

மச்சானுக்கு ஸலாம்.

பேரீச்சம்பழம் நன்றாக இருந்தது. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

நீங்கள் பேப்பர் பறக்காமல் வைத்திருந்தது பெலம்னைட். இங்கெல்லாம் கடலாக இருந்த காலத்தில் வாழ்ந்த, கணவாய் மீனுக்கு உறவான ஜீவனின் உடம்புத் துண்டு, கல்லாகிப்போனது. காரைக் களிமண்ணில் அது கிடைக்கும். நெம்பிய இடத்தில் கல்லில் ஒரு குழி இருக்கிறது. அதில் வைத்து அழுத்தினேன். கல்லைக் கவிழ்த்துப் பார்த்தேன், விழவில்லை.

அழகிரி சார் ஒத்துக்கொள்ள வேண்டும். துஆ செய்யுங்கள்.

ஜெஸிமா

*

பாலக்கரை
12.2.2024

என் மச்சானுக்கு,

ஜெயித்துவிட்டோம்.

நேற்று கண்காட்சி மண்டபத்தில் நல்ல கூட்டம். அழகிரி சார் தான் காரையில் எடுத்த பெலம்னைட்டுகளை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தார். என்னுடையதை நடுவில் வைத்தார். அதே பழுப்பு, அதே பருமன். உடைந்த முனையில் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு துளி மஞ்சள் மண் இருந்தது. நீங்கள் கழுவாமல் விட்ட மண். பிறகு அதைக் குழியில் பொருத்தி, கல்லைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ரங்கநாயகி என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"நான் சொன்னது தப்பும்மா" என்றார், அதுவும் எல்லோர் முன்னாலும்தான். "மண்ணோட மட்டும் கொண்டுவந்திருந்தீங்கன்னா மேல பூசினதுன்னு சொல்லியிருப்பேன். இந்தக் குழியை யாரால செய்ய முடியும்? இது அதைச் சுத்தியே வளர்ந்த கல்லு. ஆமா, இதை யாரு நெம்பினது?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான். ஐந்து வருஷமாக அந்தச் சங்கத்தில் டீ கொடுக்கிற அக்காவாக இருந்தேன் மச்சான். இனி அப்படி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அவரே பேனா எடுத்துச் சீட்டு எழுதினார். மூன்று வரி எழுதிவிட்டு நாலாவதில் நிறுத்தி என்னைப் பார்த்தார். உங்கள் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது. இருந்தாலும் சொன்னேன். நாம் இரண்டு பேரும் காலமான பிறகும் கல்லோடு போகப் போகிற சீட்டு, அப்படியே கீழே எழுதியிருக்கிறேன்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். கடிதம் கையில் கிடைத்ததும் கூப்பிடுங்கள்.

கல்: செலஸ்டைன், பெலம்னைட்டோடு
இடம்: காரை, மூக்கன் கிணறு
எடுத்தவர்: ஜெஸிமா
சுத்தம் செய்தவர்: குத்புதீன்