சுதாவுக்கு மட்டும் கெட்ட ரத்தம்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்தே மழை. கிளினிக் கூரை ஒழுக்கு. எடைத் தராசை மூலைக்கு நகர்த்தினேன்.

சுதாவும் சுரேஷும் சோதனை முடிவு கேட்க வந்தார்கள். அவள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். அவன், அவளுடைய அத்தை மகன், தொழிற்சாலையில் வேலை. தோட்டத்து மருத்துவமாது நான்; கல்யாணத்துக்கு முன் இரத்தம் சோதியுங்கள் என்று தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாகச் சொல்லித் திரிகிறேன். தாமாகவே வந்த முதல் ஜோடி இவர்கள்தான். முடிவு: இருவருமே தலசீமியா காவிகள், அந்த இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள்.

உங்களுக்கு நோய் இல்லை, ஆனால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து, வந்தால் மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும் என்றேன். சுரேஷ் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சுதா கேட்டாள்:

"அப்ப மிச்ச மூணு பங்கு, மிஸ்ஸி?"

நோயில்லாமல் பிறக்கும், முடிவு உங்கள் கையில் என்றேன். பயிற்சியில் சொல்லித் தந்த பதில்.

ஜூலை 13, ஞாயிறு
பனிமூட்டம். சந்தையில் லீக்ஸ், சவர்க்காரம். குடை வாங்க மறந்துவிட்டேன்.

கல்யாணம் நின்றுவிட்டது. நிறுத்தியது சுரேஷின் அம்மா ராசம்மா; சுதாவுக்கு இருப்பதை மட்டும் வெளியில் சொல்லியிருக்கிறாள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் இரண்டு பெண்கள்:

"பாக்க செவப்பா நல்லாத்தான் இருக்கா."

"உள்ளுக்கு கெட்ட ரத்தமாம்ல."

சுரேஷ் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அவனுடைய சோதனை முடிவை நான் வெளியில் சொல்லக் கூடாது. அது சட்டம்.

ஜூலை 16, புதன்
தொழிற்சாலை வாசலில் சுரேஷைப் பிடித்தேன். "ஒங்களுக்கும் இருக்குன்னு நீங்களே சொல்லிருங்க தம்பி. அந்தப் பிள்ள பேரு கெடுது."

"அம்மா வேணாங்கிறாங்க மிஸ்ஸி. வேல எடத்துல சிரிப்பாங்க."

நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கால் வலி. பஸ் இல்லை.

ஜூலை 24, வியாழன்
ராசம்மா இப்போது சுதாவின் தங்கை கலாவைக் கேட்டிருக்கிறாள்! அப்பா முத்தையாவுக்குச் சம்மதம்.

"இனி எங்க வீட்ல யாரு மிஸ்ஸி பொண்ணெடுப்பா? எங்க அக்காவே வந்து கேக்குறாங்க."

சுரேஷுக்கும் இருப்பதை வீட்டில் சொல்லிவிடு என்று சுதாவிடம் சொன்னேன். "சொல்லிட்டேன். அத்தை, பொறாமையில பேசுறேங்கிறாங்க. அப்பாவும் அதையே சொல்றாரு."

கலா ஹட்டனில் துணிக்கடையில் வேலை. லீவு போட்டுத் தானாகவே வந்தாள். "எனக்கும் பாருங்க மிஸ்ஸி." இரத்தம் எடுத்தேன். இவளுக்கும் இருந்துவிடட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மருத்துவமாது நினைக்கக் கூடாதது.

ஆகஸ்ட் 6, புதன்
கலாவுக்கு இல்லை. அவளும் சுரேஷும் சேர்ந்தால் பிள்ளைக்கு நோய் வராது. மறுப்புச் சொல்ல என்னிடம் காரணமே இல்லை.

தலசீமியா தடுப்புத் திட்டத்தை நடத்தும் டொக்டருக்குச் சந்தோஷம். "பார்த்தீங்களா மிஸ்? திட்டம் வேலை செய்யுது!"

செய்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
ஆடி முடிந்து, தோட்டத்து மாரியம்மன் கோவிலில் கல்யாணம். நல்ல வெயில். தாம்பாளம் ஏந்தி நின்றது சுதா. கலா கடைசிவரை அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. ராசம்மா என் கையில் லட்டைத் திணித்தாள். "நல்லவேள டெஸ்ட் எடுத்தோம் மிஸ்ஸி."

பந்தியில் சுதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவருக்கும்தான் இருக்கு. அவருக்குப் பொண்ணு கெடச்சிருச்சு. என்னையப் பாக்க வர்றவன்கிட்ட டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு யாரு மிஸ்ஸி சொல்லுவா?"

நான் சொல்கிறேன் என்றேன்.

"வரணுமே மொதல்ல."

பாயசத்தை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

செப்டெம்பர் 4, வியாழன்
மருத்துவமாதுகளின் மாதாந்தக் கூட்டம். மழை, பாதிப் பேர் தாமதம். வெற்றிக் கதை என்று டொக்டர் என்னைப் பேச அழைத்தார். பெயர் எதுவும் சொல்லவில்லை. இரு காவிகள் பிரிந்தார்கள், ஆண் வேறிடத்தில் பாதுகாப்பாகத் திருமணம் செய்தார் என்றேன். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று யாராவது கேட்பார்கள் என நின்றுகொண்டிருந்தேன். கை தட்டினார்கள். அப்புறம் தேநீர், கட்லட்.